தன் கையே தனக்கு உதவி

"தன் கையே தனக்கு உதவி" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தபோது, ரவிக்கையின் கையை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சென்ற இரண்டு மாத காலமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தவற்றைப் பார்த்த பிறகு, அந்தப் பழமொழிக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான வியாக்கியானம் கிடைக்காது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் வாசக சகோதரிகளுக்குச் சொல்லப் போகிறேன். சகோதரர்களும் படிக்கலாம், அவர்களுடைய பழைய வேஷ்டி ஒன்றுக்கு இதில் முக்கியமான இடம் உண்டு.

என் அண்ணன் மகளுக்கு வயது இருபத்தேழு. படித்தவள், கெட்டிக்காரி, நாலு பேர் நடுவில் தயங்காமல் பேசக் கூடியவள். ஆண்டவன் அவளுக்குச் சற்றுத் தாராளமான சரீரத்தைக் கொடுத்திருக்கிறான். அது ஒரு குற்றம் என்பது இருபத்தைந்து வயது வரையில் அவளுக்குத் தெரியாது. ஒரு தையற்கடைக்காரர்தான் தெரியப்படுத்தினார். அளவு எடுத்தவர், ஒவ்வோர் அங்குலத்தையும், கடையின் மறு கோடியில் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்த பையனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாராம். காத்திருந்த இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். "பஃப் கை வைத்துத் தையுங்கள்" என்று இவள் கேட்டதற்கு, "உங்க உடம்புக்கு அதெல்லாம் எடுக்காதம்மா" என்று பதில் வந்ததாம்.

அன்றைக்குப் புடவையை மடித்து வைத்தவள்தான். முதலில் விசேஷங்களுக்குத் தொளதொளவென்று ஒரு சுடிதாரும், அதன்மேல் போர்வை போல ஒரு துப்பட்டாவுமாக வந்து கொண்டிருந்தாள். பிறகு விசேஷங்களுக்கு வராமல் இருப்பதற்கு வேலை, தலைவலி, ரயிலில் இடமில்லை என்று காரணங்கள் வந்து கொண்டிருந்தன. இப்படி இரண்டு வருஷம் கழிந்தது. அதற்குள் அவளுடைய சொந்தத் தம்பிக்கே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தம்பி கல்யாணத்துக்கு அக்காள் தலைவலி என்று சொல்ல முடியுமா?

அந்தச் சமயத்தில்தான் அவள் நாகர்கோவிலுக்கு என்னிடம் வந்தாள். கல்யாண வீட்டில் மாட்டுவதற்குப் பழைய புகைப்படம் ஒன்று தேட வேண்டும் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். படம் அகப்பட்டது. 1946-ஆம் வருஷம் என் தாயார் மணப்பெண்ணாக எடுத்துக்கொண்ட படம். பதினெட்டு வயது. ஒல்லியென்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு தோளிலும் தாமரை மொட்டுப் போல உப்பிய கைகளுடன் ரவிக்கை. மோவாய் சற்றே உயர்ந்திருக்கிறது. புகைப்படக்காரரைப் பார்த்து, "எடுக்கிறதானால் சீக்கிரம் எடும்" என்று சொல்வது போன்ற பார்வை.

பெண் அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஆச்சி என்னை மாதிரித்தானே இருக்கிறார்கள்?" என்றாள்.

"நீதான் ஆச்சி மாதிரி இருக்கிறாய்" என்றேன் நான்.

பெட்டியின் அடியில், அந்துருண்டை மணத்துடன், அந்த ரவிக்கையே இருந்தது. அதை அவள் உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு துணியின் உண்மை அதன் உட்புறத்தில்தான் எழுதியிருக்கிறது என்பது தையல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, உப்பிய கைகள் ஒரே துணியில் வெட்டியவை அல்ல. சிறு துண்டுகளை ஒட்டுப் போட்டு, ஒட்டு வெளியே தெரியாதபடி சுருக்கங்களுக்குள் மறைத்திருந்தார்கள். யுத்த காலத்தில் துணி அகப்படுவது அவ்வளவு அரிதாயிருந்தது. 1943-ஆம் வருஷம் பிரிட்டிஷ் இந்திய சர்க்கார் நூலுக்கும் துணிக்கும் கட்டுப்பாட்டு உத்தரவே போட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகும் பஞ்சம் உடனே தீர்ந்துவிடவில்லை. அந்தக் காலத்தில் உப்பிய கை வைப்பது ஒரு சிறு ஊதாரித்தனம். என் தாயார் அந்த ஊதாரித்தனத்தையும் சிக்கனமாகவே செய்திருக்கிறார்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியமானது. பக்கத்துத் தையல்களில் ஒவ்வொரு புறமும் ஒன்றரை அங்குலத் துணி உள்ளே மடித்து விடப்பட்டிருந்தது. அதில் பழைய தையல் பிரித்த தடங்கள் மூன்று வரிசை. உடம்பு பெருக்கப் பெருக்க, பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கியிருக்கிறார். நாலு பிள்ளை பெற்ற உடம்பு மாறத்தானே செய்யும்? மாறும் என்று எதிர்பார்த்தே அந்த ரவிக்கை தைக்கப்பட்டிருக்கிறது!

"அப்படியானால் உடம்புக்குத் தக்கபடி ரவிக்கைதான் மாறியிருக்கிறது" என்றாள் அவள், மெதுவாக.

"வேறு எப்படி மாறும்?" என்றேன். அவ்வளவுதான். மறுநாள் காலையில், "அத்தை, எனக்குத் தைக்கக் கற்றுக் கொடுங்கள்" என்று வந்து நின்றாள்.

இந்த இடத்தில் எங்கள் சீமையின் பழங்கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ரவிக்கை என்பது எங்களுக்கு வெறும் அலங்காரமாக வந்ததல்ல. இன்றைய கன்னியாகுமரி ஜில்லா முன்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்ததாயிருந்தது. அந்த ராஜ்யத்தில் நாடார் குலப் பெண்கள் முதலியோர் மார்பை மறைத்துக்கொள்வதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் உண்டு. பல வருஷ காலம் போராடி, அடிபட்டு, சந்தையிலும் தெருவிலும் துணி கிழிக்கப்பட்டு, 1859-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதிதான் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனத்தால் அந்த உரிமையைப் பெற்றார்கள். அந்த அனுமதியிலும் ஒரு கொக்கி இருந்தது: உடுத்தலாம், ஆனால் மேல் ஜாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது! எங்கள் தாயாரின் பாட்டிக்குப் பாட்டி அந்தக் காலத்து மனுஷி. அவர் வழியில் வந்த ஒரு பெண், யாரோ ஒருவர் "எடுக்காது" என்று சொன்னதற்காக ரவிக்கையைத் துறந்து உட்கார்ந்திருந்தாள் என்றால், அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் நியாயமா, இல்லையா, நேயர்களே சொல்லட்டும்.

சரி, தையலுக்கு வருவோம். எங்கள் வீட்டுத் தையல் யந்திரம் என் தாயாருடையது. கையால் சுற்றுகிற சிங்கர். இந்த யந்திரத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1924-ஆம் வருஷம் ஜி. ராமச்சந்திரன் என்னும் இளைஞர் காந்தியடிகளிடம், தாங்கள் எல்லா யந்திரங்களுக்கும் விரோதிதானா என்று விசாரித்தார். அப்போது மகாத்மா விலக்களித்துச் சொன்னது சிங்கர் தையல் யந்திரத்துக்குத்தான். தம் மனைவி ஊசியும் நூலுமாகப் பாடுபடுவதைக் காணச் சகியாமல், அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது அவருடைய கருத்து. 1851-ஆம் வருஷம் அமெரிக்காவில் அந்த யந்திரத்துக்குப் பேடண்டு வாங்கிய ஐசக் சிங்கரின் சரித்திரத்தைப் படித்தவர்கள், அவர் அவ்வளவு உத்தமமான கணவர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவருக்குக் குடும்பங்களே ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தன. ஆனால் யந்திரம் உத்தமமானது. கேள்வி கேட்ட இளைஞர் பிற்காலத்தில் தம் மனைவியார் டாக்டர் சௌந்தரம் அவர்களுடன் 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை ஸ்தாபித்தவர்.

நாங்கள் கையாண்ட முறையை, செய்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அளவு. அளவு நாடாவை இறுக்கவும் கூடாது, தொங்க விடவும் கூடாது. நாடாவுக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. நாடாவை ஏமாற்றலாம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொக்கியை ஏமாற்ற முடியாது. எங்கள் பெண்ணுக்கு நாடாவைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது. எண்ணைச் சொல்லாமல் நான் காகிதத்தில் மட்டும் எழுதினேன். பிறகு அவளுக்கு ஒரு சமாசாரம் சொன்னேன். மேல்நாடுகளில் வீட்டில் தைப்பவர்கள் காகிதப் படிவங்களைக் கடையில் வாங்குவார்கள். பட்டெரிக் என்பவர் 1863-ஆம் வருஷம் அளவுவாரியாக அவற்றை அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தார். பழைய பாணி ஆடைகளில் மோகங்கொண்ட பெண்கள் இன்றைக்கும் 1940-களின் படிவங்களைத் தேடிப் பிடித்துத் தைக்கிறார்கள். அந்தப் படிவங்களில் 14 என்று போட்டிருந்தால் மார்பளவு 32 அங்குலம். இன்று அதே அமெரிக்காவில் 14 என்று போட்ட ஆயத்த ஆடை அதைவிடப் பல அங்குலம் பெரிது. எண் ஒன்றுதான், அர்த்தம் மாறிவிட்டது. இப்படிக் கடைக்காரர்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்கிற ஓர் எண்ணைப் பார்த்து நாம் ஏன் தலை குனிய வேண்டும்?

இரண்டாவது, துணி. உப்பிய கை நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் சற்று விறைப்பான துணி வேண்டும். கைத்தறிப் பருத்தி நன்றாக நிற்கும். மெல்லிய பட்டு படுத்துவிடும். புடவையோடு சேர்ந்து வரும் ரவிக்கைத் துண்டு சாதாரணக் கைக்குப் போதும். உப்பிய கைக்கு ஒரு மீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். பருத்தியானால் வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டுவிடுங்கள். சுருங்குகிற துணி முன்னாலேயே சுருங்கிக் கொள்ளட்டும்.

மூன்றாவது, சகோதரர்களின் வேஷ்டி. நல்ல துணியில் கத்தரிக்கோலை வைப்பதற்கு முன், பத்திரிகைக் காகிதத்தில் வரைந்து வெட்டி, அந்தப்படி பழைய வேஷ்டித் துணியில் ஒரு மாதிரி ரவிக்கை தைத்துப் போட்டுப் பாருங்கள். தப்பெல்லாம் அதில் வெளிப்பட்டுவிடும். என் கணவர் வேஷ்டியைக் கொடுக்கும்போது, "இது அவ்வளவு பழையதில்லையே!" என்று சொல்லத்தான் செய்தார். தேசத்துக்காக எவ்வளவோ தியாகம் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நான்காவது, கை. இதில்தான் சூட்சுமம். சாதாரணக் கையின் காகிதப் படிவத்தை, தோள் உச்சியிலிருந்து கீழ் விளிம்பு வரையில் நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் மூன்று அங்குலம் விலக்கி வைக்க வேண்டும். மேல் வளைவை ஓர் அங்குலம் உயர்த்தி வரைய வேண்டும். துணியில் வெட்டிய பிறகு, மேல் விளிம்பில் கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை நெட்டைத் தையல் ஓட்டி, அடி நூல்களைப் பிடித்து மெதுவாக இழுத்தால் துணி சுருங்கும். அந்தச் சுருக்கமெல்லாம் தோள் உச்சியில் கூடும்படி செய்ய வேண்டும். அக்குள் பக்கத்தில் ஒரு சுருக்கமும் இருக்கக் கூடாது. கீழ் விளிம்பையும் அவ்விதமே சுருக்கி, கைச் சுற்றளவுக்குச் சற்றே தாராளமாக ஒரு பட்டியில் பிடிக்க வேண்டும்.

"உங்க உடம்புக்கு எடுக்காது" என்ற தீர்ப்புக்கு அப்பீலும் இங்கேதான் இருக்கிறது. ரவிக்கையின் தோள் ஓரத்தை அரை அங்குலம் உள்ளே தள்ளி வெட்டிவிட்டால், உப்பல் தோளின் மேலேயே உட்காரும். தோளைத் தாண்டி வெளியே நீளாது. அகன்ற தோளுக்கும் அது அழகாகவே இருக்கும். என் தாயாரின் ரவிக்கையில் அப்படித்தான் செய்திருந்தது. உடம்புக்குக் கை எடுக்கவில்லை என்பதில்லை. கையை உடம்புக்கு எடுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவும் சொல்லி, எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதினால் நேயர்கள் நம்ப மாட்டார்கள். முதல் நாள் பாபினில் நூல் சிக்கி, யந்திரம் ஓர் அடி நகர மாட்டேன் என்றது. இரண்டாம் நாள் வலக்கையை இடப்புறத்திலும் இடக்கையை வலப்புறத்திலும் வெகு நேர்த்தியாகத் தைத்து முடித்தாள். கையைத் தூக்கினால் ரவிக்கை முழுவதும் கூடவே கிளம்பிற்று. "எனக்கு இதெல்லாம் வராது, அத்தை" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் ஒன்றும் சொல்லாமல் என் தாயாரின் ரவிக்கையை எடுத்து, பிரித்துத் தைத்த மூன்று தடங்களையும் அவள் மடியில் விரித்து வைத்தேன். சற்று நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தையல் பிரிக்கிற ஊசியைக் கேட்டாள்.

பதினோராவது நாள் ரவிக்கை முடிந்தது. கைப்பட்டியின் விளிம்பில் ஒரு விரல் அகலம் நாகர்கோவில் லேஸ். இந்த ஊரில் 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்பித்த வேலை அது. பக்கத் தையல்களில் ஒன்றரை அங்குலத் துணி, பாட்டியினுடையது போலவே, உள்ளே மடித்து விட்டிருந்தாள். போட்டுக்கொண்டு வந்தவளை நான் கண்ணாடியின் முன்னால் நிறுத்தவில்லை. முதலில் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன். உட்காரச் சொன்னேன். குனிந்து கோலம் போடுகிற மாதிரி கையை வீசச் சொன்னேன். மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னேன். எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. அதற்குப் பிறகுதான் கண்ணாடி.

கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு முன்னால், மாப்பிள்ளையின் அக்காளாக, தட்டை ஏந்திக்கொண்டு மண்டபத்தின் வாசலிலிருந்து மேடை வரையில் அவள் நடந்து வரவேண்டியிருந்தது. பச்சைப் புடவை, அரக்கு நிறத்தில் அந்த ரவிக்கை. துப்பட்டா இல்லை, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளவும் இல்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த எண்பது வயது மூதாட்டி ஒருவர் அவளைக் கைகாட்டி நிறுத்தினார். ரவிக்கையின் கையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, "இந்த மாதிரிக் கையைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! எந்தக் கடையில் தைத்தாய் மக்களே?" என்று கேட்டார்.

"நானே தைத்தேன், பாட்டி. இடது கை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

நான் பக்கத்தில்தான் நின்றேன். இடது கை தாழ்ந்திருப்பது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் உடம்பில் இல்லாத குற்றத்துக்காக ஒளிந்துகொண்டவள், இன்றைக்குத் தன் தையலில் இருக்கிற குற்றத்தைச் சபை நடுவில் தலை நிமிர்ந்து சொன்னாளே, அதைக் கேட்ட சந்தோஷத்தில் எனக்கு நாதஸ்வரமே காதில் விழவில்லை. ஒவ்வொரு தையலும் எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தவர்களை யாரும் பயமுறுத்த முடியாது.

எல்லோரும் தையற்காரர்களை விட்டுவிட்டு யந்திரத்தின் முன்னால் உட்கார வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல தையற்காரர்கள், உடம்பைப் பார்த்து வெட்டுகிறவர்கள், எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் ஆயுளில் ஒரு ரவிக்கையாவது தானே வெட்டித் தைத்துப் பார்த்தவளிடம், "உன் உடம்பு சரியில்லை" என்று எந்தக் கடையும் சொல்ல முடியாது. "உங்கள் வெட்டு சரியில்லை" என்று அவள் பதில் சொல்லிவிடுவாள்.

படம் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதன் பக்கத்தில் கல்யாண மண்டபத்தில் எடுத்த இன்னொரு படம். இரண்டு பெண்கள், இரண்டு உப்பிய கை ரவிக்கைகள். மோவாய் இரண்டு பேருக்கும் ஒரே உயரத்தில்தான் இருக்கிறது. என் கணவர் மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் தம் வேஷ்டியை நினைத்துக்கொள்கிறார்.